யாரைக் கேட்டுச் சரி சொன்னீங்க?

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்குக் குடியொன்றும் முழுகிவிடவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை திடீரென்று லீவு போட, பிள்ளைகளைப் பங்கு பிரித்து மற்ற வகுப்புகளின் கடைசி பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். நம் வீட்டுச் சின்னவள் போய் விழுந்த இடம் எட்டாம் வகுப்பு. அங்கே அன்று அறிவியல் தேர்வு. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவளும் ஒரு தாளை வாங்கி எழுதினாள். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். போதாக்குறைக்கு, ஒரு கேள்விக்குக் கொடுத்திருந்த நான்கு விடைகளுமே தப்பு என்று தாளின் ஓரத்தில் மரியாதையாகக் குறிப்பு வேறு எழுதியிருந்தாள்.

அதே அறையில், மூன்றாவது பெஞ்சில், அதே தேர்வை எழுதிய பெரியவள் பெயில்.

பள்ளிக்கூடத்தில் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தார்கள். மற்றப் பாடங்களுக்குச் சின்னவள் ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கட்டும். அறிவியலுக்கு மட்டும் திங்கட்கிழமையிலிருந்து எட்டாம் வகுப்புக்கு வரட்டும். பெற்றோர் என்ன சொல்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும்.

"யோசிச்சுச் சொல்லலாம்," என்றாள் அம்மா. போன வாரம் அத்தோடு முடிந்தது. அம்மா யோசித்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் வேறு யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை அம்மா ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருடைய மேல்வரிசைப் பற்களை ராவிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் பல் செட் செய்யும் வேலை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புகிற வாய்களுக்கெல்லாம் இந்த நீளமான அறையில்தான் பல் முளைக்கும். சுற்றிலும் பிளாஸ்டர் தூள், உருகிய மெழுகின் வாசனை, மேஜைக்கு மேஜை ஈறு வரை சிரிக்கும் தாடைகள். அந்த அறையில் சிரிக்காமல் இருப்பவர்கள் வேலை செய்பவர்கள் மட்டும்தான்.

ஃபோன் மினுங்கியது. குடும்பக் குழுவில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு படம் போட்டிருந்தார்.

படத்தில் சின்னவளின் முகம். அதைச் சுற்றி நட்சத்திரங்கள். கீழே கொட்டை எழுத்தில், "ஐந்திலிருந்து எட்டுக்கு ஒரே தாவல்! எங்கள் மையத்தின் வைரம்!" அதற்கும் கீழே அத்தை நடத்தும் டியூஷன் மையத்தின் பெயர். மூலையில் அத்தையின் புகைப்படம், வைரத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

சின்னவள் அந்த மையத்தில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. விடுமுறையில் ஓரிரு முறை போய்ப் பிஸ்கட் தின்றிருக்கிறாள்.

அது போகட்டும். அத்தையின் குணம் தெரிந்ததுதான். அதன் கீழே அப்பா கைதட்டும் பொம்மைகள் ஒரு வரிசை போட்டு, "இன்னைக்குக் காலையில ஸ்கூலுக்குச் சரின்னு சொல்லியாச்சு அக்கா" என்று எழுதியிருந்தார்.

அம்மா அதை மறுபடி படித்தாள். கையிலிருந்த கருவி தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது.

"அடியே, அடியே! அது கோரைப்பல்லு," என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "நீ ராவுற ராவுல அந்த மனுஷன் இனிமே ரொட்டியைக்கூட நனைச்சுத்தான் சாப்பிடணும்."

அம்மா பார்த்தாள். நீதிபதியின் கோரைப்பல் மழுங்கிப்போய், மிகுந்த கருணையுள்ள ஒருவரின் பல்லாக மாறியிருந்தது.

"வேலை பாத்த காலத்துல நிறையக் கடிச்சிருப்பாரு. போதும்," என்று கருவியை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஒருத்தர் வாயில இருக்கற பல்லைக் கழட்டணும்."

"டாக்டர்தானே கழட்டுவாரு?"

"இதுக்கு டாக்டர் வேணாம். நானே போதும்," என்று கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

*

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அன்று அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலை. லிஃப்ட் நின்றுபோயிருந்ததால் அம்மா படியேறிப் போனாள். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவனைக் கட்டிக்கொண்டவளுக்கு வாழ்க்கையில் வாய்த்ததெல்லாம் மாடிப்படிதான்.

நான்காவது மாடியில் லிஃப்டின் வெளிக்கதவைத் திறந்து வைத்து, குறுக்கே தடுப்பு போட்டிருந்தார்கள். லிஃப்டின் கூண்டு பாதிக்குக் கீழே நின்றது. அதன் கூரைமேல் நின்றபடி அப்பா எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் முழங்கால் உயரத்தில் அப்பாவின் தலை தெரிந்தது. திட்டுவதற்கு வசதியான உயரம்.

"யாரைக் கேட்டுச் சரி சொன்னீங்க?"

அப்பா நிமிர்ந்தார். "ஏய், நீ எங்க இங்க? எதுக்குச் சரி சொன்னேன்?"

"எதுக்கா?"

"ஓ, அதுவா." முகம் மலர்ந்தது. "நல்ல விஷயம்தானேம்மா."

"நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல. யாரைக் கேட்டீங்கன்னு கேக்கறேன்."

"காலையில மிஸ்ஸு ஃபோன் பண்ணாங்க. கையெல்லாம் கிரீஸு. ஸ்பீக்கர்ல போட்டேன். உங்களுக்குச் சரிங்களான்னாங்க. சரின்னேன்."

"கிரீஸ் கையோட வேற எதுக்கெல்லாம் சரின்னீங்க? வீட்டை எழுதிக் கொடுத்தாச்சா?"

கீழ்த்தளத்திலிருந்து யாரோ கத்தினார்கள். "லிஃப்ட் எப்பங்க வரும்?"

"இதோ, கொஞ்ச நேரத்துல!" என்றார் அப்பா.

"வராது!" என்றாள் அம்மா. கீழே அமைதியானார்கள்.

"சத்தம் போடாத. நாலு மாடிக்கும் கேக்குது."

"கேக்கட்டும். மேல ஏறி வாங்க, மெதுவாப் பேசறேன்."

"வேலையில இருக்கேன்ல?"

"நீங்களா வரீங்களா, இல்ல நான் போய் ஸ்விட்சைப் போட்டு உங்களை மேல கொண்டு வரட்டுமா?"

அப்பா பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். "மெயின்ல என் பூட்டு தொங்குது. சாவி இங்க இருக்கு."

அவர் தொழிலில் அதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. உள்ளே இறங்குகிறவன் மெயினை அணைத்து, அதில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டியவன்தான் திறக்கலாம். கட்டடத்தின் சொந்தக்காரரே வந்து நின்றாலும் இன்னொருவர் தொடக் கூடாது. அவசரமென்று அடுத்தவன் பூட்டை வெட்டிய ஓர் உதவியாளை அப்பா அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார். சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, இரண்டு பெண்களுக்கும் அது மனப்பாடம்.

"அந்த வகுப்புல உங்களுக்கு இன்னொரு பொண்ணு இருக்கா. ஞாபகம் இருக்கா?"

அப்பா ஸ்பேனரைக் கை மாற்றிக்கொண்டார். "அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. நல்ல பொண்ணு."

"ஆமா. நல்ல பொண்ணு. அதான் எல்லாத்தையும் தூக்கி அவ தலையில வைக்கறீங்க."

"நம்ம வீட்டுல ஒருத்தியாவது மேல போகட்டுமேன்னு பாத்தேன். அது தப்பா?"

"ஒருத்தி மேல போக இன்னொருத்தியை மிதிச்சுத்தான் போகணுமா? எத்தனை பேரு ஏறலாம்னு லிஃப்டுக்குள்ள எழுதிப் போடறீங்களே, வீட்டுல எத்தனை பேரு இருக்கோம்னு என்னைக்காவது எண்ணிப் பாத்தீங்களா? போஸ்டர் போட்ட உங்க அக்காவுக்குத் தெரியுது. பிஸ்கட் விக்கறவனுக்குத் தெரியுது. பெத்தவளுக்கு ஃபோன்ல பாத்துத்தான் தெரியணும்."

"பிஸ்கட் விக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கோபத்தில் சொன்ன கணக்கையெல்லாம் சரிபார்க்கிற ஒரு மனிதருடன் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் ஸ்கூலுக்குப் போறேன். நீங்க சொன்ன சரியைத் திருப்பி வாங்கிட்டு வரேன்," என்று படியிறங்கினாள்.

*

அறிவியல் மிஸ் சின்ன வயதுக்காரர். விரல் நுனியெல்லாம் சாக்பீஸ். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் அறிவியல் அவர்தான். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். திட்ட வந்த இடத்தில் நாற்காலி போட்டால் பாதி வேகம் போய்விடும். அம்மா உட்காரவில்லை.

"நான் ஒண்ணும் அவசரப்படலைங்க," என்றார் மிஸ். "அஞ்சாம் வகுப்புப் பாடத்தை அவ வந்து உக்காந்த உடனே முடிச்சுடறா. மீதி நேரம் பூரா என்ன பண்ணுவா? மொதல்ல ஜன்னல் கம்பியை எண்ணிட்டிருந்தா. எண்ணி முடிச்சுட்டா. இப்பக் கதவைக் கழட்டறா. நேத்து கீல்ல ரெண்டு ஸ்க்ரூவைக் காணோம். கேட்டா, கதவு ஏன் விழலைன்னு பாத்தேன் மிஸ்ங்கறா."

அம்மாவுக்கு அது புதிதில்லை. வீட்டிலும் ஒரு டேபிள் ஃபேன் போன மாதம் முதல் பாகம் பாகமாகத்தான் இருக்கிறது.

"ஓடற பிள்ளைங்க அவ. கையைப் பிடிச்சு நடத்திட்டே இருந்தா ஒரு நாள் உக்காந்துடுவா. எனக்கு அந்தப் பயம்தான். எட்டாவதுல உக்கார்ற அளவுக்கு அவளுக்குத் தெம்பு இருக்கு. எனக்குச் சந்தேகமே இல்ல."

கோபத்தோடு போன இடத்தில் நியாயத்தைச் சந்திப்பதைப்போல எரிச்சல் உலகத்தில் வேறில்லை. அம்மா இப்போது உட்கார்ந்தாள்.

"சரி. அவ அக்காவை என்ன பண்ணப் போறீங்க?"

"எந்த அக்கா?"

அம்மா மிஸ்ஸையே பார்த்தாள். கேலியில்லை. மிஸ்ஸுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"மூணாவது பெஞ்சு. ஜன்னலோரம். போன வருஷம் ஏழாவதுலயும் நீங்கதான் அவளுக்குப் பாடம் எடுத்தீங்க."

மிஸ்ஸின் முகம் மெல்ல மாறியது. "அவளா? அவ சத்தமே போட மாட்டாளே! இவங்க ரெண்டு பேரும்..."

"ஒரே வயித்துல பொறந்ததுங்க. என் வயித்துல."

"ஐயோ. நான் லேப் குரூப் வேற பிரிச்சு வெச்சுட்டேன். சின்னவளைத்தான் ஒரு குரூப்புக்குத் தலைவியாப் போட்டிருக்கேன்."

"எந்த குரூப்புக்கு?"

மிஸ் மேஜையிலிருந்த சாக்பீஸ் துண்டை உருட்டினார். அந்த உருட்டலே பதில்.

அம்மா எழுந்தாள்.

"நல்லா இருக்கு மிஸ். கதவைக் கழட்டற பிள்ளை கண்ணுக்குத் தெரியுது. சத்தம் போடாத பிள்ளை ரெண்டு வருஷமா எதிர்ல உக்காந்திருந்தாலும் தெரியல. அப்ப அவளும் ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டியிருக்கணும், இல்ல?"

"அப்படி இல்லைங்க..."

"திங்கக்கிழமை நீங்க ஒரு கேள்வி கேப்பீங்க. தங்கச்சி கையைத் தூக்குவா. அக்கா தலையைக் குனிவா. மத்த பிள்ளைங்க சும்மா இருக்குமா? பாவம் மிஸ் பெரியவ. பாவம் அவ. அவளுக்கு அறிவியல் வராது, எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதைத் தினம் தினம் தங்கச்சியை விட்டு நிரூபிக்கணுமா?"

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"சாயங்காலம் ஃபோன் பண்றேன். என் வாயால சொல்றேன். அதுவரைக்கும் யாரு சொன்ன சரியும் சரி இல்ல," என்று கதவைத் திறந்தாள். கதவு கொஞ்சம் ஆடியது. கீல்.

வெளியே, சுவரோடு ஒட்டினாற்போல் பெரியவள் நின்றிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். நிரப்ப வந்தவள். பாட்டில் காலியாகவே இருந்தது.

"நான் பாவமாம்மா?"

"நீ எப்படி வந்த?"

"நான் பாவமான்னு கேட்டேன்."

"அப்படி இல்லடி. அந்தம்மாவுக்குப் புரியணும்னு..."

"அவளை நிறுத்தணும்னா உன் காரணத்தைச் சொல்லி நிறுத்து. என்னைக் காட்டி நிறுத்தாத." பெரியவள் குரலை உயர்த்தவேயில்லை. அவள் கோபப்பட்டால் குரல் தாழும். இதையும் யாரும் கவனித்ததில்லை. "நாளைக்கு அவ பெரிய ஆளா வரலன்னா, அக்காவாலதான்னு வீடே சொல்லும். அத்தை அதுக்கும் ஒரு போஸ்டர் போடுவாங்க."

"உனக்கு நல்லதுன்னுதான்டி பேசினேன்!"

"என்னைக் கேட்டியா?"

மணி அடித்தது. பெரியவள் போய்விட்டாள்.

அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளியைப் பார்த்து, "என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். பாவம், அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

*

நீதிபதிக்குப் புதிதாக ஒரு கோரைப்பல் வைத்துவிட்டு அம்மா வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. தெருவெல்லாம் விளக்கு. அவர்கள் வீட்டில் மட்டும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் அத்தையின் குரல்தான் முதலில் வந்தது.

"டேய் தம்பி, கட்டரை எடுத்து வெட்டித் தள்ளுடா! சொந்தக்காரங்க எல்லாரும் வீடியோ கால்ல காத்திருக்காங்க. இந்த இருட்டுல என் முகமே தெரியாது."

"அதெப்படிக்கா வெட்டறது?" இது அப்பா. "பூட்டினவங்கதான் திறக்கணும்."

"பத்து வயசுப் பொண்ணு பூட்டினதுடா!"

"அதுல வயசுக் கணக்கெல்லாம் கிடையாதுக்கா."

கூடத்துச் சுவரில் மெயின் பெட்டி. அதில் அப்பாவின் உபரிப் பூட்டு, சிவப்பாக. பூட்டின் கழுத்தில் அவருடைய அட்டையே தொங்கியது: 'வேலை நடக்கிறது. தொடாதே.' பெட்டிக்குக் கீழே, செருப்பு அலமாரியின் மேல், சின்னவள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் கழுத்தில் கயிற்றில் கிடந்தது. மேஜைமேல் அத்தை வாங்கி வந்த கேக், எட்டு என்ற எண்ணின் வடிவத்தில். சமையலறை வாசலில் பெரியவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் வெளிச்சம் காட்டினாளே தவிர, தான் வெளிச்சத்தில் இல்லை.

"என்னடி இது?" என்றாள் அம்மா.

"வேலை நடக்குது," என்றாள் சின்னவள்.

"என்ன வேலை?"

"ஒரு வாரமா எல்லாரும் என்னை எடுத்து எங்கயோ வைக்கறீங்க. அது முடியற வரைக்கும் மெயின் ஆஃப். அப்பாதான் சொல்லியிருக்காரு. உள்ள ஆள் இருக்கும்போது கரண்ட் ஓடக் கூடாது."

அப்பா வேறு பக்கம் பார்த்தார். தன் சட்டம் இவ்வளவு தெளிவாக ஒருவர் வாயில் வந்து அவர் கேட்டதில்லை.

"பூட்டறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியாடி?" என்றாள் அம்மா.

"எட்டாவதுல போடறதுக்கு முன்னாடி நீங்க என்னைக் கேட்டீங்களா? அப்பா கேக்கல. அத்தை கேக்கல. மிஸ் கேக்கல. நீ மட்டும் கேட்டியாம்மா?"

காலையிலிருந்து இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஊரையே சுற்றி வந்தவள் அம்மா. நான்கு மாடிக்குக் கேட்கும்படி கேட்டவள். கேட்டவர்கள் யாருக்கும் பதில் இல்லாததைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. இப்போது அவளுக்கும் பதில் இல்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"சரி. இப்பக் கேக்கறேன். எட்டாவதுக்குப் போறியா?"

"எதுக்கு?"

"எதுக்கா? அறிவியல் படிக்க."

"அக்காவோட எட்டாவது புத்தகத்தைத்தான் லீவுல முழுசாப் படிச்சேனே. அதனாலதான் மார்க்கு வந்துச்சு. தெரிஞ்சதையே இன்னொரு தரம் கேக்கறதுக்கு எதுக்கு மாடி ஏறணும்? அஞ்சாவதுலயே உக்காந்து தெரிஞ்சதைக் கேட்டுக்கறேன். அங்கயாவது ஃபேன் ஓடுது."

ஒரு பள்ளிக்கூடம், ஒரு டியூஷன் மையம், ஒரு குடும்பம் ஆகிய மூன்று அமைப்புகளும் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டு எடுத்த முடிவு, எட்டாம் வகுப்புப் பாடம் தெரிந்த பிள்ளையை எட்டாம் வகுப்பில் போடுவது. அதிலிருந்த அபத்தம் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

முதலில் தெளிந்தவர் அத்தை. "அப்ப ஒன்பது! போஸ்டர்ல ஒரு எண்ணுதானே, மாத்திடலாம்."

"ஒன்பது போதுமாக்கா?" அப்பா தாடையைச் சொறிந்தார். "அதையும் படிச்சுத் தொலைச்சிருந்தா? பத்துன்னே கேட்டுப் பாத்தா..."

"என்ன, ஏலம் விடறீங்களா ரெண்டு பேரும்?"

அம்மா போட்ட சத்தத்தில் பெரியவளின் டார்ச் வெளிச்சம் ஒருமுறை ஆடியது.

"அண்ணி, அந்தப் போஸ்டரை இப்பவே எடுங்க. அவ உங்க மையத்துல படிச்சது பிஸ்கட் பாக்கெட்டுல இருந்த எழுத்து மட்டும்தான். அவளைக் காட்டி நாலு பிள்ளையைச் சேத்துக்கலாம்னு கணக்குப் போட்டீங்கன்னா, அந்தக் கணக்கை வேற வீட்டுல போய்ப் போடுங்க."

"நான் குடும்பப் பெருமைக்காகச் செஞ்சேன்!" இருட்டில் அத்தை தம்பியைத் தேடினார். "தம்பி, உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டுட்டுச் சும்மா நிக்கறியே?"

"காலையிலேர்ந்து கேட்டுட்டுத்தான்க்கா இருக்கேன்," என்றார் அப்பா.

"நீங்க பேசாதீங்க. ஒத்தை வார்த்தை பேசி ஒரு நாளைக்கு ஆகறதெல்லாம் ஆயிடுச்சு," என்று அவரையும் அடக்கிவிட்டு அம்மா சின்னவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு என்னதான்டி வேணும்?"

சின்னவள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"லேப்ல ஒரு அலமாரி இருக்கு. எப்பவும் மூடியே இருக்கும். அதுல இருக்கறதையெல்லாம் எடுத்துச் செஞ்சு பாக்கணும். புத்தகத்துல கேள்வி போட்ட உடனே பதிலையும் போட்டுடறாங்க. எனக்குப் பதில் போடாத கேள்வி வேணும். தப்பா வந்தாலும் பரவாயில்ல." கொஞ்சம் யோசித்து, "மத்தபடி அஞ்சாவதுலயே இருக்கேன். என் ஃப்ரெண்டு அங்கதான் இருக்கா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா நல்லா சிரிக்க வைப்பா," என்றாள்.

அம்மா ஃபோனை எடுத்தாள்.

"மிஸ்கிட்டச் சொல்லு. அப்புறம் திறக்கறேன்," என்றாள் சின்னவள்.

"எல்லாரும் கேக்கட்டும். நாளைக்கு யாரும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது," என்று அம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

மிஸ் உடனே எடுத்தார்.

"மிஸ், எட்டாவது வேணாம். அவளுக்கு அது தெரிஞ்ச பாடம். தெரியாததைக் கொடுங்க. லேப் அலமாரியைத் திறந்து விடுங்க, பக்கத்துல நீங்க நில்லுங்க. எப்படிச் செய்யலாம்னு நேர்ல வந்து பேசறேன். ஆனா திங்கக்கிழமை அவ எட்டாவதுல வந்து உக்கார மாட்டா."

"நீங்க சொல்றது புரியுதுங்க. எனக்கே அது தோணியிருக்கணும். ஆனா..." மிஸ் தயங்கினார். "மத்தியானமே சரின்னு ஆயிடுச்சேங்க."

"யாரு சொன்னா? என் வாயால சொல்றேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

"ஆமாங்க. ஆனா நீங்க கிளம்பினதுமே உங்க பெரிய பொண்ணு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா. அம்மா மனசு மாறிட்டாங்க, சரின்னு சொல்லச் சொன்னாங்கன்னா. காலையில உங்க வீட்டுச் சாரும் சரின்னிருந்தாரா, நானும் நம்பிட்டேன். கடைசி பீரியட்ல தலைமை ஆசிரியரே எட்டாம் வகுப்புக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. பிள்ளைங்க கை தட்டினாங்க. மொதல்ல தட்டினது உங்க பெரியவதாங்க."

செருப்பு அலமாரியின் மேல் சின்னவள் ஏறி நின்றிருந்தாள். அம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லைச் சின்னவள் காப்பாற்றினாள். பூட்டைத் திறந்து மெயினைத் தூக்கிவிட்டாள்.

வீட்டில் யாரும் எதையும் அணைத்து வைத்திருக்கவில்லை. எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. டிவி அலறியது. சமையலறையில் மிக்ஸி தானாகச் சுற்றியது. அப்பா ஓடிப்போய் ஒவ்வொன்றாக நிறுத்தினார். அத்தை கண் கூச கேக்கைப் பார்த்தார். எட்டின் மேல்பாதி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

சமையலறை வாசலில் பெரியவள் அந்த வெளிச்சத்தில் அப்படியே அகப்பட்டு நின்றாள். அழுது, கண்ணீர் காய்ந்தும் வெகு நேரமான முகம். கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு..." என்று ஆரம்பித்தாள் அம்மா. பழக்கதோஷம்.

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றாள் பெரியவள். குரல் தரையில் படும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. "வந்து உக்காரட்டும். என் குரூப்புக்கே தலைவியா வரட்டும். எல்லாக் கேள்விக்கும் கையைத் தூக்கட்டும். அதெல்லாம் என்னால தாங்க முடியும்."

"அப்புறம் ஏன்டி இப்படி அழுதிருக்க?"

"அவளைப் பாத்து என்னைக்காவது பாவம்னு சொல்லியிருக்கியாம்மா?"

சின்னவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இது எந்தப் புத்தகத்திலும் அவள் படிக்காத பாடம்.

அம்மாவின் கையில் ஃபோன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "ஹலோ? லைன்ல இருக்கீங்களா? திங்கக்கிழமை எட்டாம் வகுப்புல யாரு இருப்பாங்க, யாரு இருக்க மாட்டாங்கன்னு முடிவா ஒண்ணு சொல்லுங்களேன்..."